நூற்றுக்கு ஒன்று

பிப்ரவரி 5, திங்கள்

மஞ்சள் கடுதாசி, மஞ்சள் கடுதாசி என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அது வெள்ளையாகத்தான் இருக்கிறது. இன்று உடுமலை சப் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். கடனைக் கட்ட வழியில்லை, நான் திவால் என்று நானே ஒத்துக்கொள்ளும் மனு.

"மஞ்சத் தாள் இல்லீங்களா? நான் பொருத்தமா மஞ்சச் சீலை கட்டிட்டு வந்தனே" என்று வக்கீலிடம் கேட்டேன். வக்கீல் தெய்வசிகாமணி சிரிக்கமாட்டார். பல்செட் புதிது. சிரித்தால் விழுந்துவிடும் என்று பயம்.

"துளசிம்மா, இது வெளையாட்டு இல்லீங்க. இனி உங்க கைக்கு வர்ற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரிசீவர் கணக்குக் கேப்பாரு. ஒரு நோட்டுப் போட்டு நாள்வாரியா எழுதுங்க" என்றார். ரிசீவர் என்பவர் திவாலானவர்களின் சொத்தை எடுத்து விற்று, கடன்காரர்களுக்குப் பங்கு வைக்கிறவர்.

அதனால்தான் இந்த டைரி. மில்லில் போன வருஷம் கொடுத்தது. கிழமையை அடித்துவிட்டுத் திருத்தி எழுதுகிறேன். அந்தப் பஞ்சு மில்லில் ஒன்பது வருஷம் கேன்டீன் காண்ட்ராக்ட் எடுத்திருந்தேன். முந்நூறு பேருக்குச் சோறு. மில் மூடிவிட்டது, டைரி நன்றாகத்தான் இருக்கிறது.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் மளிகைச் சிட்டை எழுதி எழுதிக் கை பழகிவிட்டது.

வரவு: இல்லை. செலவு: டீ 12, வக்கீல் குமாஸ்தாவுக்கு 100. பஸ்ஸுக்குச் செலவில்லை, பொம்பளை என்பதால்.

பிப்ரவரி 6, செவ்வாய்

வரவே இல்லாத நாளில் எதை எழுதுவது? கடனை எழுதுகிறேன்.

மளிகைக் கடை, காய்கறி மண்டி, கேஸ் சிலிண்டர், ஒரு ஃபைனான்ஸ். பிறகு என்னோடு சமைத்த மூன்று பெண்கள். மூடுவதற்கு முன்னால் ஐந்து மாதம் மில் எனக்குப் பணம் தரவில்லை, நான் அவர்களுக்குத் தரவில்லை. ஆளுக்கு முப்பத்தாறாயிரம். எல்லாக் கடனும் சேர்த்துப் பதினோரு லட்சம். என் வேனையும் பெரிய பாத்திரங்களையும் விற்றால் மூன்று லட்சம் தேறும். ஆக ரூபாய்க்கு இருபத்தேழு பைசா எல்லோருக்கும் கிடைக்கும் என்கிறார் வக்கீல்.

"அந்த மூணு பேருக்கு மட்டும் முதல்ல முழுசாக் குடுத்தறலாமுங்களா?"

"குடுத்தீங்கன்னா கோர்ட்டு அதைத் திருப்பி வாங்கும். ஒருத்தருக்கு ஓரவஞ்சனை பண்ணக்கூடாது."

கல்யாணப் பந்தியில் பாயசம் தீரப்போகிறது என்று தெரிந்தால் கரண்டியைச் சிறிதாக்கி எல்லா இலைக்கும் விடுவோமே, அது மாதிரி. புரிந்துவிட்டது.

பிப்ரவரி 14, புதன்

சர்க்கரைக்கு நடக்க வேண்டும் என்று டாக்டரம்மா போன வருஷமே சொன்னார். மாரியம்மன் கோயில் வீதி வழியாகப் போனால் பஸ் ஸ்டாப் ஐந்து நிமிடம். நான் வாய்க்கால் மேட்டைச் சுற்றி இருபது நிமிடம் நடந்து போகிறேன். நல்ல காற்று. கால் மட்டும் கொஞ்சம் வலிக்கிறது.

எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் பொட்டலம் கட்டி, சந்தைப்பேட்டை வாசலில் விற்றேன். நாற்பது பொட்டலம். வரவு 1,200. மளிகை, இலை போக மிச்சம் 430.

மார்ச் 4, திங்கள்

வக்கீல் என்னை ஆடிட்டர் நூர்ஜஹானிடம் அனுப்பினார். "ரிசீவர் வரி பாக்கி இருக்கான்னு கேப்பாரு. சும்மா பாத்துட்டு வந்துருங்க" என்றார்.

ஆடிட்டரம்மா சின்ன வயசு. என் பேன் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். தட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டர்கள் இப்படித் துடைத்தால் எனக்குப் பிடிக்காது.

"அக்கா, நாலு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் வருமான வரி கட்டச் சொல்லி உங்களுக்கு உத்தரவு வந்திருக்கு. மூணு வருஷத்துக்கு முந்தின கணக்கு."

"எனக்கா? நான் எந்த ஊர் ஜமீன்?"

"ஏகப்பட்ட நோட்டீஸ் அனுப்பியிருக்காங்க. ஒண்ணுக்குக்கூட நீங்க பதில் போடலை. எல்லாம் மெயில்ல வந்திருக்கும்."

எந்த மெயில்? எனக்கு மெயில் என்றால் சேரன் எக்ஸ்பிரஸ் மாதிரி ஒன்றுதான் தெரியும். விசாரித்தால், பேன் கார்டு எடுத்துத்தந்த பிரவுசிங் சென்டர்காரன் தன்னுடைய மெயிலைப் போட்டிருக்கிறான். நேரே அங்கே போனேன்.

"வந்துச்சுக்கா. பதினேழு வந்துச்சு. ஏதோ ஆஃபர்னு நெனச்சேன்" என்றான்.

"ஆமாஞ்சாமி, பெரிய ஆஃபர்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாலையில் வக்கீல் சொன்னதுதான் பெரிய அடி. மற்ற கடனையெல்லாம் ஒரு நாள் கோர்ட் தள்ளுபடி செய்துவிடும். சர்க்காருக்குத் தர வேண்டிய வரியைத் தள்ளாது. திவாலிலிருந்து விடுதலை வாங்கினாலும் கூடவே வரும். அதுமட்டுமில்லை, வேனும் பாத்திரமும் விற்ற பணத்தில் முதல் பந்தியும் சர்க்காருக்குத்தான். அந்தப் பந்தியிலேயே மூன்று லட்சமும் தீர்ந்துவிடும். மற்றவர்களுக்கு அண்டாவைக் கவிழ்த்துக் காட்ட வேண்டியதுதான்.

"அப்ப அந்த மூணு பொம்பளைங்களுக்கு?"

"இந்த உத்தரவு நின்னா, ஒண்ணும் வராதுங்க."

மார்ச் 5, செவ்வாய்

அடுப்புக்கு இன்று லீவு.

மார்ச் 11, திங்கள்

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

ஆடிட்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டுமாம். நான் காட்டவில்லை. மில் அந்த வருஷம் எனக்குக் கொடுத்தது இருபத்தெட்டு லட்சம். அதில் பாதி லாபம் என்று ஆபீசர் தானாகவே கணக்குப் போட்டுவிட்டார். விசாரித்த ஆபீசருக்கு முகம் கிடையாதாம், எல்லாம் கம்ப்யூட்டர் வழியாம். முகம் பார்க்கிற விசாரணையாக இருந்தால் நாலு வார்த்தை சிரித்துப் பேசியிருப்பேன்.

"மூணு வேளைச் சோறு போட்டு, பாதிக்குப் பாதி லாபம் வந்தா நான் ஏங்கண்ணு திவாலாகிறேன்? நூறு ரூபாய்க்கு ஏழோ எட்டோ நின்னாலே பழனிக்கு முடி எறக்குவனே."

"அதான் அக்கா சட்டமும் சொல்லுது. சின்னத் தொழிலுக்கு நூத்துக்கு எட்டு லாபம்னு காட்டலாம். அப்படிப் பாத்தா உங்களுக்கு அந்த வருஷம் வரியே கிடையாது. மில்லு புடிச்சுக் கட்டின வரியைத்தான் சர்க்கார் உங்களுக்குத் திருப்பித் தரணும்."

"மில்லு எதைப் புடிச்சுது?"

"உங்க ஒவ்வொரு பில்லுலயும் நூத்துக்கு ஒண்ணு. உங்க பேர்ல கட்டியிருக்காங்க. பாருங்க, கம்ப்யூட்டர்லயே இருக்கு."

அந்த ஒன்றை நான் ஒன்பது வருஷம் வேறு ஒருத்தர் கணக்கில் எழுதியிருந்தேன்.

மில் அக்கவுண்ட்ஸ் ஆபீசில் சென்னியப்பன் என்று ஒருத்தர். ஒல்லி ஆள். பேசமாட்டார். முதல் மாதமே என் பில்லில் நூற்றுக்கு ஒரு ரூபாய் குறைந்தது. கேட்டதற்கு, "அது பிடித்தம்மா" என்றார். காண்ட்ராக்ட் தொழிலில் பிடித்தம் என்றால் யாருக்கென்று எனக்குத் தெரியாதா? நான் பார்க்காத கமிஷனா? அன்றைக்கே அவருக்கு 'நூத்துக்கொண்ணு' என்று பேர் வைத்தேன். மறுவாரம் மில் முழுக்க அதுதான் பேர். நூல் சுற்றுகிற பெண்கள்கூட, "நூத்துக்கொண்ணு வருதுடி" என்பார்கள்.

புதன்கிழமை கோழி. எல்லோருக்கும் நல்ல துண்டு. அவர் தட்டுக்கு மட்டும் கழுத்து. ஒன்பது வருஷம், தவறாமல். அவர் கழுத்தைச் சுத்தமாகத் தின்றுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு தாள் வேறு கொடுப்பார். "பத்திரமா வெச்சுக்கங்க" என்பார். நல்ல மொத்தமான தாள், ஒரு பக்கம்தான் அச்சு. வடைத்தட்டில் எண்ணெய் வடிய விரிக்க அதைவிட நல்ல தாள் கிடையாது.

அதுதான் வரி கட்டியதற்கு ரசீது என்றார் ஆடிட்டரம்மா. நான் ஒன்பது வருஷமும் ஒழுங்காக வரி கட்டியிருக்கிறேன். ரசீதில் வடை எண்ணெய் வடித்திருக்கிறேன்.

நடுவில் ஒரு வருஷம் அவரைப் பஞ்சு குடோனுக்கு மாற்றியிருந்தார்கள். அப்போதும் பில்லில் ஒன்று குறைந்தது. புதிதாக வந்தவனும் தொழில் கற்றுக்கொண்டான் என்றுதான் நினைத்தேன். குடோனில் பஞ்சுத் தூசிக்கு அவர் இருமிக்கொண்டே இருப்பார். அங்கே அனுப்பிய சாப்பாட்டிலும் கழுத்துதான் வைத்தேன்.

உத்தரவை மாற்றக் கோயமுத்தூரில் இருக்கும் பெரிய ஆபீசருக்கு மனுப் போடலாம். ஆனால் அந்தப் பணம் கேன்டீன் பில்தான் என்று காட்ட பில் நகல் எல்லாம் வேண்டும். மில்லை பேங்க் பூட்டி சீல் வைத்துவிட்டது.

"மில் அக்கவுண்ட்ஸ்ல இருந்த யாரையாச்சும் தெரியுமா அக்கா?"

தெரியும் என்றேன்.

மார்ச் 13, புதன்

கணியூருக்குப் போய் சென்னியப்பனைப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். எலுமிச்சம்பழம் மலிவாகக் கிடைத்தது. ஊறுகாய் போட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

ஊறுகாயைக் கிளறிவிட்டேன்.

மார்ச் 18, திங்கள்

ஊறுகாயைக் கிளறிவிட்டேன். இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டும். நாளை, நாளன்றைக்குப் போகலாம்.

மார்ச் 21, வியாழன்

போனேன். ஒரு பாட்டில் ஊறுகாயும் கொண்டுபோனேன்.

சின்ன ஓட்டு வீடு. சென்னியப்பன் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தார். அவர் சம்சாரம் வாசல்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர், எழவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை.

"என்னங்க சார், தென்னைக்குத் தண்ணி விடறப்பவும் நூத்துக்கு ஒரு சொம்பு புடிச்சுக்குவீங்களா?" என்று வாயில் வந்துவிட்டது. சத்தியமாக நினைத்துப் பேசவில்லை. இந்த வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

நான் சங்கதியைச் சொன்னேன். உத்தரவு, நாலு லட்சம், பில் நகல், மூன்று பெண்களின் கூலி. சொல்லி முடித்ததும் அவர் உள்ளே போனார்.

அப்போதுதான் அந்த அம்மா வாயைத் திறந்தார்.

"நீங்கதான் பேரு வெச்சவீங்களா?"

"ஆமாங்."

"மொதலாளி காதுக்கு அந்தப் பேரு போச்சு. என்னடா பேரு இதுன்னு ரெண்டு மாசம் விசாரிச்சாங்க. ஒண்ணும் கெடைக்கல. கெடைக்காட்டியும், பேரு இருக்குதல்லன்னு குடோனுக்குத் தாட்டிவுட்டுட்டாங்க. ரெண்டு வருசம் சம்பளம் ஏத்தல. அங்க புடிச்ச இருமல் இன்னும் நிக்கல. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரியாது என்றேன். கீரை உருவுவதை அந்த அம்மா நிறுத்தவில்லை.

சென்னியப்பன் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே வருஷவாரியாகக் கட்டு கட்டாகத் தாள். என் கேன்டீன் பில், வரி கட்டிய சலான், அந்த வடைத் தாள், எல்லாவற்றுக்கும் நகல். ஒவ்வொரு கட்டின் மேலும் அவர் கையெழுத்தில் தேதி.

"விசாரணைக்கு அப்புறம் எல்லாத்துக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஊட்டுல வெச்சுட்டனுங்க. பழசையும் சேத்தித்தான். கைக்காசுதான். நாளைக்கு யாராச்சும் கேட்டா, நான் எடுக்கலைன்னு காட்டோணுமல்ல" என்றார்.

"கேட்டாங்களா?"

"இல்லீங்க. நீங்கதான் மொதல்ல கேக்கறீங்க."

"குடுக்காதீங்க" என்றார் அந்த அம்மா.

அவர் அவிழ்ந்திருந்த ஒரு கட்டை மறுபடி இறுக்கிக் கட்டினார். "பில்லு என்ன பண்ணுச்சு அம்மிணி. அது அவங்க பில்லுதான" என்றார். பிறகு என்னிடம், "வரிசைப்படுத்தோணும். திங்கக்கெழமை நானே ஆடிட்டர் ஆபீசுக்குக் கொண்டாறேன்" என்றார்.

ஊறுகாய் பாட்டிலை வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன். யாரும் எடுக்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

இன்று எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 25, திங்கள்

கணியூர் பஸ் ஸ்டாப்பிலேயே போய் நின்றேன். பெட்டி கனம், ஒரு கை பிடிக்கலாம் என்று. பஸ்ஸில் கூட்டம். பின் சீட்டில் மில்லில் வேலை செய்த இரண்டு பேர்.

ஒருவன் சத்தமாக, "என்னுங்க நூத்துக்கொண்ணு, காண்ட்ராக்டரம்மாவோட பொட்டியத் தூக்கிட்டு எங்க? பங்கு பிரிக்கவா?" என்றான். பஸ் சிரித்தது. நான் சொல்லிக்கொடுத்த சிரிப்பு அது, எனக்குத் தெரியாதா? சென்னியப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

"தம்பி, அது அவரு கமிசன் இல்ல. என்ற வருமான வரி. ஒம்பது வருசம் என்ற வரிய அவரு ஒழுங்காக் கட்டிட்டு வந்தாரு, நான் அவருக்குக் கழுத்துத் துண்டு போட்டேன். பேரு வெச்சது நானு. தப்பாப் பேரு வெச்சதும் நானு. நம்பாட்டிப் போ, ஆனா கோர்ட்டுல சத்தியம் பண்ணி மஞ்சக் கடுதாசி குடுத்தவ சொல்றேன். எங்கிட்ட இனி மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

கண்டக்டர்தான், "அம்மா, டிக்கெட்டு" என்றார். பொம்பளைக்குக் காசில்லை என்றாலும் டிக்கெட் வாங்க வேண்டும்.

ஆடிட்டரம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இப்படி ஒரு ஃபைல் எங்க ஆபீஸ்லயே கிடையாது சார்" என்றார். சென்னியப்பனுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. ஐம்பத்தொன்பது வயது ஆளுக்குக் காது சிவந்து இன்றுதான் பார்த்தேன்.

செலவு: டீ 2, பன் 2. சேர்த்து 54. இதைக் கணக்கில் ரிசீவர் கேட்டால், கேட்கட்டும்.

ஏப்ரல் 10, புதன்

மனு கோயமுத்தூருக்குப் போய்விட்டது. ஆடிட்டரம்மா இன்னொன்றும் சொன்னார். கடுதாசி கொடுப்பதற்கு முன்னால் சம்பாதித்ததற்கு உண்டான வரி, பழைய கடனோடு சேர்ந்தது, அதை ரிசீவர் பார்ப்பார். அதற்கப்புறம் நான் விற்கிற சோற்றுக்கு நான்தான் கணக்கு, நான்தான் வரி. திவாலாகிவிட்டேன் என்று சும்மா இருக்க முடியாது.

நேற்று மிஞ்சிய சோறும் இன்று வடித்த சோறும் ஒரே பானையில் போடக்கூடாது என்கிறார். எனக்குப் போய்ச் சொல்கிறார்.

ஜூன் 12, புதன்

கோர்ட் இன்று என்னைத் திவாலானவள் என்று அறிவித்தது. ஒரு மாலை போட்டிருக்கலாம்.

வெளியே வந்ததும் வக்கீல் ஒரு சட்டம் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமாம். இனி யாரிடமும் ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால், நான் திவாலானவள் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். சொல்லாமல் வாங்கினால் ஜெயில்.

"அம்பதா? அம்பதாயிரமா?"

"அம்பது ரூபாய்."

நேரே காய்கடைக்குப் போனேன்.

"அண்ணா, எழுவது ரூபாய்க்குத் தக்காளி கடனாக் குடுங்க. ஆனா சட்டப்படி ஒண்ணு சொல்லிப்போடறேன். நான் கோர்ட்டுல அறிவிச்ச திவாலானவ."

"அறிவிக்காட்டியும் ஊருக்கே தெரியுமுங்க. பைய நீட்டுங்க" என்றார். பிறகு யோசித்து இரண்டு தக்காளியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "நாப்பத்தொம்பதுக்கு வாங்கிக்குங்க. எதுக்கு வம்பு."

ஆகஸ்ட் 8, வியாழன்

என் பாத்திரங்களை ரிசீவர் இன்று ஏலம் விட்டார். வேன் போன வாரமே போய்விட்டது. வீட்டில் புழங்கும் சட்டி பானையைச் சட்டம் தொடாது, பெரிய அண்டாக்கள்தான் போயின. இருநூறு பேருக்குச் சாம்பார் வைக்கும் அண்டாவை எடுத்தவன் அதைத் தட்டிப் பார்த்தான். "தட்டாத, அதுக்குக் கூச்சம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேனும் பாத்திரமும் சேர்த்து மூன்று லட்சத்து இரண்டாயிரம். வக்கீல் போட்ட கணக்குக்கு மேலேயே வந்திருக்கிறது.

கூட்டத்தில் ரங்காத்தாள் நின்றிருந்தாள். என்னோடு சமைத்த மூவரில் மூத்தவள். மாரியம்மன் கோயில் வீதியில் வீடு.

பக்கத்தில் வந்து, "துளசி, இன்னும் எத்தன நாளைக்கு வாய்க்கா மேட்டச் சுத்துவ?" என்றாள்.

"சர்க்கரைக்கு நடக்கறங்க்கா."

"சர்க்கரை எங்கூட்டு முன்னால நடந்தாக் கொறையாதா? எங்கூட்டு வாசல்ல என்ன புலியா கட்டி வெச்சிருக்குது? காசு வரப்ப வருட்டும். ஊட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடி."

"காப்பி அம்பது ரூபாய்க்கு மேல போனா நான் திவாலானவன்னு சொல்லிப்போட்டுத்தான் குடிக்கோணும்."

"வாய் மட்டும் திவாலாகுதா பாரு" என்றாள்.

கோயில் வீதி வழியாகவே நடந்து வந்தோம். ஐந்து நிமிடம்தான்.

நவம்பர் 19, செவ்வாய்

காலை பத்து மணிக்கு ஆடிட்டரம்மா போன் செய்தார். இந்த முறை போனில் கண்ணாடி துடைக்கிறாரா இல்லையா என்று தெரியாததால் உட்கார்ந்துகொண்டேன்.

உத்தரவை மாற்றிவிட்டார்களாம். வரி பாக்கி ஒரு பைசா இல்லை. பில்லும் சலானும் மாதம் தவறாமல் இருந்ததால் பெரிய ஆபீசர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். என் பேரில் பிடித்த இருபத்தெட்டாயிரத்தைச் சர்க்கார் எனக்குத் திருப்பித் தர வேண்டும்.

பிறந்ததிலிருந்து எனக்குப் பட்ட கடனை யாரும் திருப்பித் தந்ததில்லை, மில் உட்பட. திருப்பித் தரும் முதல் கடனாளியே சர்க்கார். எடுத்தவுடன் பெரிய இடம்.

ஆனால் அந்தப் பணமும் கடுதாசிக்கு முந்தினது. அதனால் என் கைக்கு வராது, ரிசீவருக்குப் போகும். "கடுதாசி குடுக்காம இருந்திருந்தா எனக்கு வந்திருக்குமுங்களா?" என்று வக்கீலிடம் கேட்டேன்.

"வந்திருக்கும். ஆனா கடுதாசி குடுக்காம இருந்திருந்தா, இப்படி ஒரு பணம் இருக்குன்னே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"அப்ப திவாலானதுலதான் எனக்கு லாபம்னு சொல்லுங்க. அதுக்கும் ஒரு வரி இருக்குமுங்களே?"

வக்கீல் சிரித்துவிட்டார். கையால் பல்செட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கோர்ட் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

பிறகு கணியூருக்குப் போன் போட்டேன். அவர் சம்சாரம்தான் எடுத்தார். சங்கதியைச் சொன்னேன். "சொல்றனுங்க" என்றார். வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். "அந்த ஊறுகாய்ல உப்பு ஒரு கல்லு கூட" என்றார்.

ஜனவரி 24, வெள்ளி

ரிசீவர் பங்கு வைத்தார். ரூபாய்க்கு முப்பது பைசா. மூன்று பெண்களுக்கும் ஆளுக்குப் பத்தாயிரத்து எண்ணூறு. கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். ரங்காத்தாள் எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மிச்சம் இருபத்தையாயிரத்து இருநூறை ஒரு நாள் கோர்ட் தள்ளிவிடும். கோர்ட் தள்ளும், ரங்காத்தாள் தள்ளமாட்டாள். நானும் அவளைத் தள்ளச் சொல்லமாட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

கோழித்தீவனக் கம்பெனி ஒன்றில் அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு. நான் யார், என்ன ஆனேன் என்று எல்லாம் சொல்லித்தான் கேட்டேன். ரிசீவரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்டா அவர்களுடையது. கரண்டி மட்டும் என்னுடையது. மூன்று பெண்களும் திரும்ப வந்துவிட்டார்கள், வாராவாரம் கூலி என்ற பேச்சில்.

மார்ச் 7, வெள்ளி

முதல் பில் வந்தது. நூற்றுக்கு ஒன்று குறைவு. அக்கவுண்ட்ஸில் இருக்கும் பெண்ணைப் பார்த்து, "கண்ணு, ஒண்ணு புடிச்சிருக்கீங்க. தாள் எப்பத் தருவீங்க?" என்றேன்.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா வருங்க ஆன்ட்டி. இதெல்லாம் யாருமே கேக்கமாட்டாங்க."

"நான் கேப்பேன்."

பிளாஸ்டிக் கவர் ஒன்று வாங்கி, சமையலறையில் கரண்டி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்திருக்கிறேன். வடைக்கு வாழையிலை.

மார்ச் 12, புதன்

இன்று கோழி.

பழைய வருஷங்களின் கணக்கையும் ஆடிட்டரம்மா எழுதச் சொல்லியிருக்கிறார். அதற்கும் அந்தத் தகரப் பெட்டிதான். அதற்காகச் சென்னியப்பனை வரச் சொல்லியிருந்தேன். சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொன்னேன். அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, பழைய வழக்கத்தில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் கடைசியில் நின்றார்.

அவர் முறை வந்ததும் இரண்டு கால் துண்டு எடுத்து வைத்தேன். குழம்பு ஊற்றினேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், வாரம் ஒண்ணு, ஒம்பது வருசம். நானூத்து அறுவத்தெட்டுத் துண்டு உங்களுக்குப் பாக்கி" என்றேன். "அம்பது ரூபாய்க்கு மேல போயிருச்சுங்க. அதனால சட்டப்படி சொல்லிப்போடறேன், நான் திவாலானவ. ஒரே தடவையாத் தர முடியாது. வாராவாரம்தான் தருவேன்."

ரங்காத்தாள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். இதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டிய வேறு ஒரு வார்த்தை இருந்தது. அது வரவில்லை. இந்த வாய் அதற்குப் பழகவில்லை.

சென்னியப்பன் உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். மென்று முடித்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"நூத்துக்கு ஒண்ணு புடிச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுங்க. தாள் மறக்காமத் தரோணும்."

வரவு: இல்லை. கொடுத்தது: கால் துண்டு 2. பாக்கி: 466.